கைது வேண்டாம், பதில் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல வருடங்களாக உங்கள் பத்திரிகையைப் படிக்கிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை.

போன மாதம் இந்தப் பகுதியில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். திருநங்கை, திருநம்பி என்பதெல்லாம் கைப்பேசியைப் பார்த்துப் பிள்ளைகள் பிடித்துக்கொண்ட பழக்கம், பெற்றவர்கள் கண்டித்து வளர்த்தால் வராது என்பது அவர் கருத்து. அடுத்த வாரமே இன்னொருவர் பதில் எழுதினார். அப்படி எழுதியவரைக் கைது செய்ய வேண்டும், அதை அச்சிட்ட உங்கள் மீதும் வழக்குப் போட வேண்டும், பாலினம் பற்றித் தவறாகப் பேசுகிற எவரும் ஜாமீனில் வர முடியாதபடி தனிச் சட்டம் வேண்டும் என்று கேட்டிருந்தார்.

முதல் கடிதம் என் வீட்டைச் சுட்டது. என் அண்ணன் பிள்ளை ஒரு திருநம்பி, பிறப்பில் பெண் என்று எழுதப்பட்டு ஆணாக வாழ்பவன். அன்றைக்கு என் வீட்டில்தான் இருந்தான். படித்துவிட்டு பேப்பரை நாலாக மடித்து வைத்தான். அதற்கப்புறம் சாயங்காலம் வரை அவன் வாய் திறக்கவில்லை. ஆனாலும் நான் மறுத்து எழுத வந்திருப்பது இரண்டாவது கடிதத்தைத்தான். காரணம், நான் 1987 முதல் 2021 வரை குற்றவியல் நடுவர் நீதிமன்றங்களில் வேலை பார்த்தவள். தட்டச்சராகச் சேர்ந்து தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றேன். பேச்சுக்காகப் போடப்படும் வழக்கு ஒரு மனிதரை என்ன செய்யும் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

2011-இல் நான் வேலை பார்த்த நீதிமன்றத்துக்கு ஒரு தனிநபர் புகார் வந்தது. எதிரி, அதாவது யார் மீது புகாரோ அவர், ஒரு கிராம சுகாதார செவிலியர். மகளிர் குழுக் கூட்டம் ஒன்றில் பேசும்போது, ஆணா பெண்ணா என்று பார்த்தவுடன் சொல்ல முடியாத உடலமைப்போடும் சில குழந்தைகள் பிறக்கின்றன, அது சாபமில்லை, யாருடைய பாவமும் இல்லை, அவசரப்பட்டு அறுவை செய்து ஏதோ ஒன்றாக ஆக்கிவிடாதீர்கள், குழந்தை வளர்ந்து தானே சொல்லட்டும் என்று சொல்லியிருக்கிறார். கூட்டத்துக்கு வந்த ஒரு பெண்ணின் கணவருக்கு இது ஆபாசமாகப் பட்டிருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தில், பொது இடத்தில் ஆபாசமாகப் பேசினார் என்று 294(பி), ஊர்ப் பெண்களை இழிவுபடுத்தினார் என்று 500, இரண்டு பிரிவையும் போட்டு ஒரு வக்கீலை வைத்துத் தாக்கல் செய்துவிட்டார்.

அவருடைய பிரமாண வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்தவள் நான். "நீங்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தீர்களா?" என்று நடுவர் கேட்டார். "இல்லை ஐயா, என் வீட்டுக்காரம்மா வந்து சொன்னாள்" என்றார். அந்த ஒரு வரியிலேயே புகாரைத் தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. கோப்பில் எடுத்து, சம்மன் போனது.

மூன்று வருடம். 19 வாய்தா. அந்த அம்மா ஒரு வாய்தா தவறவில்லை. ஒவ்வொரு தடவையும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு பஸ் மாறி வருவார். டவாலி பேரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிடுவார். திருட்டு வழக்கிலும் அடிதடி வழக்கிலும் நிற்பவர்களோடு சேர்ந்து நிற்பார். புகார்தாரருக்கு உடம்பு சரியில்லை என்று மனு வரும், அடுத்த தேதி கொடுப்போம். பதவி உயர்வுப் பட்டியல் தயாரான நேரத்தில் 'குற்ற வழக்கு ஏதும் நிலுவையில் உள்ளதா' என்ற கட்டத்தில் 'ஆம்' என்று அவரே கைப்பட எழுத வேண்டி வந்தது. பட்டியலிலிருந்து பேர் போய்விட்டது. கடைசியில் புகார்தாரர் வருவதையே நிறுத்திவிட்டார். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 256-இன் கீழ் செவிலியர் விடுதலை. அந்த உத்தரவையும் நான்தான் அடித்தேன். ஒன்றரைப் பக்கம். அவர் பேசியது சரியா தப்பா என்பது பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.

சில வருடம் கழித்துப் பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு பக்கத்தில் இடம் கொடுத்தார். இப்போதும் கூட்டங்களுக்குப் போகிறீர்களா என்று கேட்டேன். "போவேன்மா. தடுப்பூசி, ரத்தசோகை, அதோட சரி. அந்தப் பேச்சு மட்டும் எடுக்கறதில்ல" என்றார்.

2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் ஒரு தீர்ப்பு சொன்னார். ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்தது பற்றிய வழக்கு அது. அந்தத் தீர்ப்பிலேயே, செவிலியர் சொன்ன மாதிரி பிறக்கும் இடைப்பாலினக் குழந்தைகளுக்குத் தேவையில்லாமல் செய்யப்படும் அறுவைச் சிகிச்சைகளையும் தடுக்கச் சொன்னார். அதே வருடம் ஆகஸ்டில், உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றபடி அத்தகைய அறுவை கூடாது என்று தமிழக அரசு ஆணை போட்டது. இந்தியாவிலேயே முதல் மாநிலம் என்று பத்திரிகைகள் பாராட்டின. நீங்களும் எழுதியிருப்பீர்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த 19 வாய்தாவும்தான் கண்ணுக்குள் வந்தன. எட்டு வருடத்துக்கு முன்பு அந்த அம்மா மகளிர் குழுவில் சொன்ன அதே பேச்சு. அன்றைக்குக் குற்றப்புகார், இன்றைக்கு அரசாணை. நடுவில் அவர் பேசாமல் விட்ட வருடங்களில் எத்தனை குழந்தைகளை அவசரமாக அறுத்தார்களோ!

இரண்டாவது கடிதம் எழுதிய வாசகருக்கு இதைத்தான் சொல்ல வருகிறேன். நீங்கள் கேட்கும் சட்டம் வந்தால் முதலில் யார் மாட்டுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? உங்களைப் புண்படுத்தியவர் மாட்டலாம். ஆனால் புகார் கொடுக்க ஆள்பலமும் வக்கீல் ஃபீஸும் யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் அந்தச் சட்டம் வேலை செய்யும். பால், பாலினம் பற்றிய பேச்சில் அவர்கள் பெரும்பாலும் பழைய ஒழுங்கின் பக்கம் நிற்பவர்கள்.

குஷ்பு விஷயம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2005-இல் ஓர் ஆங்கிலப் பத்திரிகை நடத்திய கருத்துக்கணிப்பை ஒட்டி, திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி அவர் கருத்துச் சொன்னார். பெண்கள் கர்ப்பமாகாமலும் நோய் தொற்றாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அதில் சொல்லியிருந்தார். செருப்பும் துடைப்பமும் தூக்கிக்கொண்டு ஆர்ப்பாட்டம் செய்தார்கள். 23 குற்றப்புகார்கள், பெரும்பாலும் தமிழ்நாட்டில். ஊர் ஊராகக் கோர்ட். 2008-இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்ய மறுத்தது. 2010 ஏப்ரல் 28-இல்தான் உச்ச நீதிமன்றம் 23-ஐயும் ரத்து செய்தது. புகார் கொடுத்த ஒருவர்கூடச் சட்டப்படி பாதிக்கப்பட்ட நபர் அல்ல, குஷ்பு யாரையும் குறிப்பிட்டு எதையும் சொல்லவில்லை என்றது. ஐந்து வருடம் ஆகியிருந்தது. அவர் பிரபலமானவர், டெல்லி வரை போக முடிந்தது. என் செவிலியரால் மேலே இருக்கிற மாவட்ட நீதிமன்றத்துக்கே போக முடியவில்லை.

அரசியலமைப்பில் பேச்சுரிமைக்கு வரம்பு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 19(2)-ஐ எடுத்துப் படியுங்கள். நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, கண்ணியம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல். அவ்வளவுதான். 'மனம் புண்பட்டது' என்பது அந்தப் பட்டியலில் கிடையாது. 'ஒழுக்கம்' என்ற சொல் வழியாகத்தான் எல்லோரும் உள்ளே நுழையப் பார்க்கிறார்கள். அதற்கும் குஷ்பு தீர்ப்பிலேயே பதில் இருக்கிறது. ஒழுக்கக்கேடும் குற்றமும் ஒன்றல்ல, சமூக ஒழுக்கம் ஆளுக்கு ஆள் மாறுவது, தனிமனிதர் வாழ்க்கைக்குள் தேவையில்லாமல் தலையிடக் குற்றவியல் சட்டத்தைக் கருவியாக்கக் கூடாது என்றார்கள் நீதிபதிகள். அன்று ஒழுக்கத்தின் பேரால் கேட்டார்கள். இன்று நம் தரப்பு வாசகர் மரியாதையின் பேரால் கேட்கிறார். அவர் நோக்கம் நல்லது, சந்தேகமே இல்லை. ஆனால் எடுத்துக்கொள்ளும் ஆயுதம் அதேதான்.

பழைய கதை ஒன்று இருக்கிறது, கடிதப் பகுதி நடத்தும் உங்களுக்கு அது பிடிக்கும். பம்பாயில் ர.தோ.கார்வே என்பவர் 'சமாஜ் ஸ்வாஸ்த்யா' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். உடலுறவு, கருத்தடை பற்றி வாசகர்கள் கேள்வி எழுதுவார்கள், அவர் பதில் போடுவார். அந்தப் பதில்களுக்காகவே ஆபாச வழக்குப் போட்டார்கள். 1934-இல் அவருக்காக வாதாடியவர் டாக்டர் அம்பேத்கர். பாலுறவைப் பற்றி எழுதினாலே அது ஆபாசமாகிவிடாது என்று வாதாடினார். தோற்றார். கார்வேக்கு 200 ரூபாய் அபராதம். கடிதத்துக்குப் பதில் போட்டதற்காக ஒருவர் தண்டிக்கப்பட்ட நாட்டில், கடிதம் போட்டதற்காக ஒருவரைப் பிடி என்று நாமே கேட்கலாமா?

இதையெல்லாம் அண்ணன் பிள்ளையிடம் சொன்னேன். அவன் கேட்டான்: "உனக்கென்ன அத்தை, சட்டம் பேசிட்டு உட்கார்ந்திருக்கலாம். அந்தக் கடிதத்தைப் படிச்சிட்டு என் ஹவுஸ் ஓனர் காலி பண்ணச் சொன்னா?" நியாயமான கேள்வி. அதற்கு நான் மழுப்பலாகப் பதில் சொல்ல விரும்பவில்லை. பேச்சால் காயம் வராது என்று நான் சொல்லவே மாட்டேன். மற்றவர்கள் வாய்ச்சொல்லால் அவன் ஒரு வேலையை விட்டவன்.

ஆனால் அவனுக்கு உண்மையிலேயே ஆபத்து வந்தபோது என்ன நடந்தது என்றும் சொல்கிறேன். போன வருடம் ஒரு எண்ணிலிருந்து இரவில் தொடர்ந்து அழைப்பு. நீ எந்தத் தெருவில் இருக்கிறாய் என்று தெரியும், உயிரோடு விடமாட்டோம் என்று மிரட்டல். இது கருத்து இல்லை, கொலைமிரட்டல். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 351-இல் ஏழு வருடம் வரை தண்டனை இருக்கிறது. அவனை அழைத்துக்கொண்டு காவல் நிலையம் போனேன். பதிவு செய்த குரல் இருந்தது, எண் இருந்தது, தேதி நேரத்தோடு பட்டியல் இருந்தது. நான் நீதிமன்றத்தில் இருந்தவள் என்றும் சொன்னேன். மனு ரசீது கொடுத்து அனுப்பினார்கள். முதல் தகவல் அறிக்கை இன்று வரை போடவில்லை. "சிம்மை மாத்திடுங்க தம்பி" என்று அறிவுரை.

சட்டம் இல்லாததால் இது நடக்கவில்லை. திருநர் உரிமைப் பாதுகாப்புக்கென்று 2019-இல் வந்த சட்டத்தின் 18-ஆவது பிரிவு, வசைபாடுவதையும் மன உளைச்சல் கொடுப்பதையும்கூடக் குற்றம் என்றது. ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டு வருடம் வரை சிறை. நான் ஓய்வு பெறும் வரை அந்தப் பிரிவில் ஒரு குற்றப்பத்திரிகை என் மேசைக்கு வரவில்லை. அதே பிரிவு, ஒரு திருநர் மீது நடக்கும் பாலியல் வன்கொடுமைக்கும் அதே இரண்டு வருடத்தைத்தான் அதிகபட்சமாக வைத்தது. ஒரு பெண்ணுக்கு அதே கொடுமை நடந்தால் குறைந்தபட்சமே பத்து வருடம். கோபப்பட வேண்டிய இடம் இது! ஒரு முதியவர் பேப்பருக்கு எழுதிய கடிதத்துக்காக வரும் கோபத்தில் பாதி இந்த இரண்டு வருடத்தின் மீது வந்திருந்தால் என் பிள்ளைக்கு உதவியாக இருந்திருக்கும்.

இன்னொரு பயமும் எனக்கு உண்டு. ஒரு சட்டத்தைப் போட்டுவிட்டால் அதை எடுப்பது லேசில்லை. இணையத்தில் எரிச்சலூட்டும்படி எழுதினால் கைது என்ற தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. விவாதிக்கலாம், வாதாடலாம், குற்றம் செய்யத் தூண்டினால் மட்டுமே சட்டம் வரலாம் என்று தெளிவாகவே சொன்னது. ஆறு வருடம் கழித்து, 2021-இல், செத்துப்போன அந்தப் பிரிவில் இன்னமும் வழக்குப் போடுகிறார்கள் என்று அதே நீதிமன்றம் அதிர்ச்சி தெரிவித்தது. காவல் நிலையத்தில் பழகிய கை அப்படித்தான் எழுதும்.

இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 223-ஆவது பிரிவுப்படி, தனிநபர் புகாரைக் கோப்பில் எடுக்கும் முன் எதிரிக்கும் பேச ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். இது 2011-இல் இருந்திருந்தால் அந்தச் செவிலியர் ஒரே நாளில் வீட்டுக்குப் போயிருப்பார். 2025 மார்ச்சில், ஒரு கவிதைக்காகக் கவிஞர் இம்ரான் பிரதாப்கடி மீது போடப்பட்ட வழக்கிலும், ஒரு பேச்சின் விளைவை எடை போடும்போது திடமான மனம் உள்ளவரின் அளவுகோலைத்தான் கொள்ள வேண்டும், எதற்கும் பதறுகிறவரின் அளவுகோலை அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வரியை நான் என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

வெளிநாட்டிலும் இதே இழுபறிதான். இங்கிலாந்தில் மாயா ஃபோர்ஸ்டேட்டர் என்பவர், உடலின் பாலை மாற்ற முடியாது என்று எழுதிய பிறகு அவருடைய வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ஜனநாயக சமூகத்தில் மதிக்கத்தக்க கருத்தே அல்ல அது என்று 2019-இல் தீர்ப்பாயம் சொன்னது. 2021 ஜூனில் மேல்முறையீட்டில் அது மாறியது. அந்தக் கருத்தை வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு, ஆனால் அதைச் சொல்லித் திருநர்களைத் தொல்லைப்படுத்த யாருக்கும் உரிமம் இல்லை என்றார்கள். அந்த அம்மாவின் கருத்தை நான் ஏற்கவில்லை. என் கண் முன் வளர்ந்த பிள்ளையை எனக்குத் தெரியும். ஆனால் கோடு கிழித்த இடம் சரியான இடம் என்றே நினைக்கிறேன்.

என் அண்ணனைப் பற்றியும் எழுதியாக வேண்டும். பிள்ளை சொன்ன நாளிலிருந்து இரண்டு வருடம் அண்ணன் கேட்காத கேள்வி இல்லை. இது வியாதியா? மருந்து உண்டா? யாராவது கெடுத்தார்களா? மீசை வருமா? ஒருநாள் என் அடுப்படியில் நின்றுகொண்டு, "வீட்ல ஒரு சாவு விழுந்தா இது தோள் குடுக்குமா?" என்று கேட்டார். 'இது' என்றுதான் சொன்னார். பிள்ளை கூடத்தில் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த வாசகர் கேட்கும் சட்டம் இருந்திருந்தால், அண்ணன் அந்த இரண்டு வருடத்தில் பேசியது முழுக்கக் குற்றம். அவர் வாயை மூடியிருப்பார். மனசுக்குள் இருப்பது அப்படியே கிடந்து இறுகியிருக்கும். வாயைத் திறந்ததால்தான் நான் சண்டை போட்டேன், பிள்ளை பதில் சொன்னான், சில நாள் அழுதான், சில நாள் கத்தினான். 2023-இல் எங்கள் அம்மா தவறிப்போனார். பாடை தூக்கும் நேரத்தில் அண்ணன் கூட்டத்தில் தேடிப் பிடித்து, "வாடா, முன்னாடி வந்து நில்லு, பாட்டிக்கு நீதான் தோள் குடுக்கணும்" என்றார்.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2021-இல் இரண்டு இளம்பெண்கள் சேர்ந்து வாழப் பாதுகாப்புக் கேட்ட வழக்கில், தனக்கு இது முழுதாகப் புரியவில்லை என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிலேயே எழுதினார். ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் தீர்ப்புக்கு வந்தார். பத்திரிகைகள் திருநர், தன்பாலீர்ப்பாளர் போன்றவர்களை எந்தச் சொல்லால் குறிக்க வேண்டும் என்று 2022-இல் அரசிதழில் சொற்பட்டியல் வந்ததும் அந்த வழக்கின் தொடர்ச்சியில்தான். நீதிபதியே புரியவில்லை என்று சொல்ல முடிந்ததால் வந்த நன்மை அது. நாங்கள் சின்ன வயதில் வாய்க்கு வந்தபடி சொன்ன வசைச்சொல் போய், இன்றைக்குப் பஸ்ஸில்கூடத் திருநங்கை என்று சொல்கிறார்கள் என்றால், யாரையும் உள்ளே தள்ளி அது வரவில்லை.

அதனால் ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அந்த முதல் கடிதம் மாதிரி இன்னொன்று வந்தால் பயந்துபோய்க் குப்பையில் போடாதீர்கள். ஒருவருடைய பெயர், வீடு, வேலை இடம் ஆகியவற்றைக் காட்டிக் கொடுத்தாலோ, அடி, துரத்து என்று தூண்டினாலோ மட்டும் கண்டிப்பாகப் போடாதீர்கள். மற்றபடி போடுங்கள். ஆனால் பதிலும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அதே நாளில் வர வேண்டும். ஒரு வாரம் கழித்து மூலையில் போடுவது நியாயமில்லை. போன மாதம் அப்படித்தான் செய்தீர்கள், அது எங்களுக்கு வலித்தது.

அண்ணன் பிள்ளை பதில் எழுதியிருக்கிறான். இரண்டு பக்கம். முதலில் எழுத மாட்டேன் என்றான், மூன்று நாள் கழித்து அவனே கொண்டுவந்து கொடுத்தான். இத்துடன் இணைத்திருக்கிறேன். அதில் எனக்கு உடன்பாடில்லாத வரிகள் இருக்கின்றன. நான் இந்தக் கடிதத்தில் சொல்லியிருப்பதை நேரடியாக மறுத்தே ஒரு பத்தி எழுதியிருக்கிறான். ஒரு வரியும் வெட்டாமல் போடுங்கள். அவன் பாதுகாப்பை நினைத்து எங்கள் இருவர் பெயரையும் ஊரையும் மட்டும் வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்றத் தலைமை எழுத்தர்